டியூட்டிக்கு நடுவே மனப்பயிற்சி: எதற்குக் கைகொடுக்கும், எதற்குக் கொடுக்காது

கேட்டவர் ஐசியூவில் பல வருடங்களாக வேலை பார்க்கும் செவிலியர். கேள்வியின் சாரம் இது: டியூட்டிக்குக் கிளம்பும்போதே அலுப்பு தட்டுகிறது. நோயாளியின் உறவினர்கள் எதைக் கேட்டாலும் எரிச்சல் வருகிறது. ஒருவர் இறந்துபோனால்கூட "அடுத்த கேஸுக்கு பெட் ரெடி பண்ணணும்" என்பதுதான் முதலில் தோன்றுகிறது. மருத்துவமனையில் மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்தக் கணத்தில் நடப்பதை அப்படியே கவனிக்கும் பயிற்சிக்கு வகுப்பு வைக்கப்போகிறார்களாம். அதனால் பலன் உண்டா, இல்லை ஆள் பற்றாக்குறையை மறைக்க ஒரு கண்துடைப்பா? தினமும் முக்கால் மணி நேரம் கண்ணை மூடி உட்கார நேரமில்லாதவர்கள் என்ன செய்வது?

பலன் உண்டு. கண்துடைப்பாகிப் போகவும் எல்லா வாய்ப்பும் உண்டு. எது எங்கே முடிகிறது என்று தெரிந்துகொண்டு போனால் வகுப்பில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளலாம், ஏமாறாமலும் இருக்கலாம்.

முதலில் உங்கள் அறிகுறிகளைப் பார்ப்போம். நியூயார்க்கில் பகலெல்லாம் தன் நோயாளிகளைப் பார்த்துவிட்டு இரவில் ஓர் இலவச கிளினிக்கில் சேவை செய்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். தன்னிடமும் உடன் உழைத்தவர்களிடமும் கண்ட சோர்வைப் பற்றி 1974-இல் எழுதும்போது அவர்தான் 'பர்ன்அவுட்' என்ற பெயரைப் பரவலாக்கினார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளக்க ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார். 1981-இல் வெளிவந்த அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அது மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: உள்ளுக்குள் வற்றிப்போன உணர்வு, நோயாளியை ஆளாகப் பார்க்காமல் கேஸாகப் பார்க்கும் விலகல், என்ன செய்து என்ன பயன் என்ற எண்ணம். நீங்கள் சொன்ன 'அடுத்த பெட்' நினைப்பு இதில் இரண்டாவது. அதைக் கல்நெஞ்சம் என்று நினைத்து உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். தாங்கும் அளவுக்கு மேல் போகும்போது மனம் தன்னைக் காத்துக்கொள்ள ஒதுங்கி நிற்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார அமைப்பு 2019-இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் பர்ன்அவுட் ஒரு நோயாகச் சேர்க்கப்படவில்லை; நாட்பட்ட பணி அழுத்தத்திலிருந்து வரும், வேலை சார்ந்த ஒரு நிலை என்றுதான் குறிக்கப்பட்டிருக்கிறது. காரணம் வேலையில் இருக்கும்போது மருந்து முழுவதும் உங்கள் மூச்சில் இருக்க முடியாது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்புக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் மன அமைதி கிடைக்கும் என்று போகிறார்கள். நான்கு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராது, மனசு அலைபாயுது" என்று விட்டுவிடுகிறார்கள். மருத்துவப் பணியாளருக்கு இந்தப் பயிற்சியின் முதல் பயன் அமைதி இல்லை என்பது என் கருத்து. தனக்குள் என்ன நடக்கிறது என்பது சீக்கிரம் தெரிவதுதான் முதல் பயன்.

நம் தொழிலில் கற்றுக்கொடுக்காமலே ஒன்றைக் கற்றுக்கொள்கிறோம்: உடம்பு சொல்வதைக் கேட்காமல் இருப்பது. பசி, தாகம், சிறுநீர் முட்டுவது, கால் கடுப்பு எல்லாவற்றையும் "இந்த வேலை முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிறோம். ஒருவருக்கு, நின்ற இதயத்தை இயக்க நெஞ்சை அழுத்தும் சிபிஆர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அப்படித்தான் இருந்தாக வேண்டும். சிக்கல் என்னவென்றால், சிபிஆர் முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் முடிவதில்லை. பல் கடித்திருப்பது, தோள் காது வரை ஏறியிருப்பது, மூச்சைப் பிடித்துக்கொண்டே ஊசி போடுவது எதுவும் நமக்குத் தெரிவதில்லை. காலை பத்து மணிக்குத் தோளில் தொடங்கியது மதியம் இரண்டு மணிக்கு ஓர் உறவினர் மேல் எரிந்து விழுந்த பிறகுதான் தெரியவருகிறது. இந்த நான்கு மணி நேர இடைவெளியைக் குறைப்பதுதான் உடல்-மனப் பயிற்சிகளின் வேலை. பத்தே காலுக்குத் தெரிந்தால் ஏதாவது செய்யலாம்: தண்ணீர் குடிக்கலாம், உடன் இருப்பவரிடம் ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம், "இன்று என்னால் இன்னொரு வென்டிலேட்டர் கேஸ் எடுக்க முடியாது" என்று இன்சார்ஜிடம் சொல்லலாம்.

சரி, எங்கே தொடங்குவது? மூச்சில்தான். ஆனால் "ஆழமாக மூச்சு இழுங்கள்" என்ற அறிவுரை பாதிதான் சரி. இதை உங்களுக்கு விளக்குவது சுலபம், ஏனென்றால் நீங்கள் மானிட்டர் பார்க்கிறவர். ஆரோக்கியமான ஓர் இளைஞரின் ஈசிஜியில் துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி சமமாக இருக்காது. மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும், வெளிவிடும்போது மெதுவாகும். வெளிமூச்சின்போது, இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் கட்டுப்பாடு கூடுவதுதான் காரணம். ஆகவே பதற்றத்தைத் தணிக்க வெளிமூச்சை நீட்ட வேண்டும். வேகமாகப் பெருமூச்சு பெருமூச்சாக இழுத்தால் தலைதான் சுற்றும்.

நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு மூச்சு என்ற வேகத்தில் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலும் ஒன்றோடொன்று இசைந்து போகின்றன. உடலின் அளவுகளைத் திரையில் பார்த்துக்கொண்டே அவற்றை மாற்றப் பழகும் பயோஃபீட்பேக் பயிற்சிகளில் இந்த வேகத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். மூக்கு வழியாக, வயிறு அசைய, சத்தமில்லாமல். மருந்து டிராலி பக்கத்தில் நின்றுகொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. எண்ணிக்கை சிரமமாக இருந்தால் இன்னொரு வழி: மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, அதன் மேலேயே இன்னொரு சின்ன மூச்சு இழுத்து, வாய் வழியாக மெதுவாக நீளமாக விடுவது. இதை ஒரு மாதம் தினமும் ஐந்து நிமிடம் செய்தவர்களின் மனநிலை, அதே அளவு நேரம் தியானம் செய்தவர்களின் மனநிலையைவிடக் கூடுதலாக முன்னேறியதாக 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் குழு வெளியிட்ட ஓர் ஆய்வு சொன்னது. சிறிய ஆய்வுதான். இருந்தாலும் ஐந்து நிமிடம் என்பது ஷிஃப்ட் வேலையில் இருப்பவருக்குக் கட்டுப்படியாகிற அளவு.

அடுத்தது, நேரம். உங்களுக்கு நேரம் இல்லை என்பதை நம்புகிறேன். ஆனால் ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை கை கழுவுகிறீர்கள்? ஹேண்ட்ரப் (ஆல்கஹால் கலந்த கைச்சுத்தத் திரவம்) போட்டால் 20 முதல் 30 விநாடி, சோப்பு போட்டுக் கழுவினால் 40 முதல் 60 விநாடி என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. கட்டாயம் செய்தே ஆக வேண்டிய, வேறெதையும் தொடமுடியாத நேரம் அது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்ரப் உள்ளங்கையில் விழும்போது சில்லென்று இருக்கும், அதைக் கவனியுங்கள். விரலிடுக்கில் தேய்க்கும்போது இரண்டு பாதமும் தரையில் பதிந்திருப்பதைக் கவனியுங்கள். கட்டைவிரலைச் சுற்றித் தேய்க்கும்போது தாடையைத் தளர்த்துங்கள், தோளை இறக்குங்கள். ஈரம் காயும் வரை ஒரு நீளமான வெளிமூச்சு. முடிந்தது. போன நோயாளியை அங்கேயே விட்டுவிட்டு அடுத்தவரிடம் போகிறீர்கள். ஒவ்வொரு முறையும் நினைவு வராது. நாலில் ஒரு முறை வந்தாலே போதும். அடிக்கடி செய்யும் இந்த அரை நிமிடம், எப்போதாவது வாய்க்கும் அரைமணி நேரத்தைவிடப் பழக்கமாக ஒட்டிக்கொள்ளும் என்பது நான் பார்த்தது. (அவசரத்தில் பாதித் தேய்ப்பில் ஓடுவது குறைவதால் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் சந்தோஷம்.)

மூன்றாவது, உணர்வுக்குப் பெயர் வைப்பது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 2007-இல் மேத்யூ லீபர்மேன் குழு செய்த மூளை ஸ்கேன் ஆய்வில், பார்க்கும் முகத்தின் உணர்ச்சியைச் சொல்லால் குறித்தபோது அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவின் செயல்பாடு குறைந்தது தெரிந்தது. நடைமுறையில் இப்படி: உறவினர் ஒருவர் மூன்றாவது முறையாக அதே கேள்வியைக் கேட்கிறார், உள்ளே ஏதோ பொங்குகிறது. மனதுக்குள் "எரிச்சல்" என்று சொல்லிப்பாருங்கள். அல்லது "எரிச்சல், நெஞ்சுக்கு மேலே, சூடாக" என்று. சில நேரம் அடுத்த நொடியே தெரியும், அது எரிச்சல் இல்லை, பயம் என்று: அவருடைய அப்பா பிழைக்கமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும், சொல்லும் இடத்தில் நீங்கள் இல்லை. பெயர் சரியாக விழுந்தால் வாயில் வரும் வார்த்தையும் மாறும். "டாக்டர் வரட்டும்" என்று வெட்டிவிடுவதற்குப் பதில், "நீங்க பயந்துபோயிருக்கீங்கன்னு தெரியுது. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்ததும் உங்களைக் கூப்பிடுறேன்" என்று வரும்.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. பல மூத்தவர்கள் புதிதாக வரும் செவிலியர்களிடம் "ரொம்ப ஒட்டிக்காதே, தாங்கமாட்டே" என்பார்கள். நோயாளியின் வலியை உணர்வதே பர்ன்அவுட்டுக்குக் காரணம் என்ற எண்ணம் இது. மூளை ஆய்வாளர்கள் தானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகியோரின் ஆய்வுகள் இதில் ஒரு நல்ல வேறுபாட்டைக் காட்டின. பிறர் துன்பப்படும் வீடியோக்களைப் பார்க்கும்போது, அந்தத் துன்பத்தைத் தன்னுடையதாக உணரப் பயிற்சி பெற்றவர்களுக்கு வேதனை கூடியது. பிறகு அவர்களுக்கே கருணைப் பயிற்சி, அதாவது அந்த மனிதர் நலமாக இருக்கட்டும் என்று விரும்பும் பயிற்சி, கொடுத்தபோது வேதனை இறங்கியது, இதமான உணர்வு கூடியது. இரண்டிலும் மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறு வேறு. ஆகவே ஒட்டுவதா விலகுவதா என்ற இரண்டு வழிதான் என்றில்லை. அவர் வலியை உங்கள் உடம்பில் ஏற்றிக்கொள்ளாமலே அவர் பக்கம் நிற்கலாம். டிரஸ்ஸிங் மாற்றும்போது நோயாளி துடிக்கிறார் என்றால், உங்கள் வயிறு இறுகுவதைக் கவனித்து, அதைத் தளர்த்தி, "இவருக்கு இது சீக்கிரம் முடியட்டும்" என்று மனதில் ஒரு வரி. கை அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கட்டும். விலகி நிற்பவரைவிட இப்படி நிற்பவர்கள் அதிக நாள் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதுதான் என் அனுபவமும்.

இறப்பு பற்றி எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் செவிலியராக இருந்த ஜோனதன் பார்டெல்ஸ் எளிமையான ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். உயிர் பிரிந்ததும், குழுவில் ஒருவர் எல்லோரையும் சற்று நிற்கச் சொல்கிறார். இவர் யாரோ ஒருவருக்கு வேண்டியவராக வாழ்ந்தவர், நாம் நம்மால் ஆனதைச் செய்தோம் என்ற பொருளில் இரண்டு வரி, பிறகு சில விநாடி மௌனம். எந்த மதமும் இல்லை, செலவும் இல்லை. பல மருத்துவமனைகள் இதை எடுத்துக்கொண்டன. யார் தொடங்குவது என்ற கூச்சம்தான் ஒரே தடை. மூத்தவர் என்ற முறையில் நீங்களே தொடங்கலாம். பெட் ரெடி ஆவது ஒரு நிமிடம் தாமதமாகும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

வீட்டுக்கு வந்த பிறகு, குறிப்பாக நைட் டியூட்டி முடிந்து தூக்கம் வராமல் புரளும்போது, இரண்டு பயிற்சிகள் உண்டு. எட்மண்ட் ஜேக்கப்சன் உருவாக்கிய தசைத் தளர்த்தல் ஒன்று: கை, புயம், நெற்றி, தாடை, தோள், வயிறு, கால் என்று ஒவ்வொன்றாக ஐந்து விநாடி இறுக்கி, சட்டென்று விட்டு, விட்டபின் இருக்கும் கனத்தைக் கவனிப்பது. இன்னொன்று பாடி ஸ்கேன்: இறுக்காமலே, கால் விரலிலிருந்து தலைவரை கவனத்தை மட்டும் நகர்த்துவது. உடம்பு முறுக்கிக்கொண்டிருந்தால் முதலாவது, அடித்துப்போட்டதுபோல் இருந்தால் இரண்டாவது. நடுவில் தூங்கிவிட்டால் நல்லதுதான், அதற்காக வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தூக்கம் வண்டி ஓட்டும்போது வந்தால் எந்த மூச்சுப் பயிற்சியும் அதற்கு மாற்று இல்லை. ஓரங்கட்டுங்கள், அல்லது ஓட்டாதீர்கள்.

உங்கள் மருத்துவமனை வைக்கப்போகும் வகுப்பு அநேகமாக எம்பிஎஸ்ஆர் (மைண்ட்ஃபுல்னெஸ் வழியாக மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சி) என்ற முறையின் சுருக்கமாக இருக்கும். ஜான் கபட்-ஸின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நாட்பட்ட வலியும் நோயும் உள்ளவர்களுக்காகத் தொடங்கியது அது. எட்டு வாரம், வாரம் இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் தினம் முக்கால் மணி நேரப் பயிற்சி. உங்களைப் பயமுறுத்திய முக்கால் மணி நேரம் இங்கிருந்துதான் வருகிறது. மருத்துவப் பணியாளர்களுக்காகச் சுருக்கிய வடிவங்களும் வந்துவிட்டன. 2013-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் 30 பேரிடம் செய்த ஆய்வில் மொத்தம் 18 மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு ஒன்பது மாதம் கழித்தும் பர்ன்அவுட் அளவுகள் குறைந்தே இருந்தன. அவர்களை ஒப்பிட வேறு குழு இல்லை என்பதால் இதைப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டாம்.

ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் 70 மருத்துவர்களுக்கு ஓராண்டு நீடித்த பயிற்சி கொடுத்தார்கள்; முடிவு 2009-இல் வெளிவந்தது. தியானத்தோடு, தங்கள் பணி அனுபவங்களை ஒருவருக்கொருவர் சொல்லிக் கேட்பதும் அதில் பாதி. சோர்வு குறைந்தது, பிறர் நிலையை உணரும் தன்மை கூடியது. பின்னால் அவர்களிடம் எது உதவியது என்று கேட்டபோது, சக மருத்துவர்களோடு மனம்விட்டுப் பேச முடிந்ததை முக்கியமாகச் சொன்னார்கள். அங்கேயே மேயோ கிளினிக் என்ற பெரிய மருத்துவமனையில் 74 மருத்துவர்களிடம் செய்த, 2014-இல் வெளிவந்த ஆய்வில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் வேலை நேரத்திலேயே ஒதுக்கி, சிறு குழுக்களாகப் பேச வைத்தார்கள். நோயாளியிடமிருந்து விலகும் அந்த இரண்டாவது அம்சம் குறைந்தது, ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் நின்றது. ஆகவே வகுப்பில் பேச இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணை மூடவைத்து, ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, கையெழுத்து வாங்கி அனுப்பினால் கிடைப்பது கொஞ்சம்தான்.

இப்போது கண்துடைப்பு விஷயம். 2017-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பது), மருத்துவர்களுக்கான பர்ன்அவுட் தடுப்பு முயற்சிகளை ஒப்பிட்டது. தனிநபருக்கான பயிற்சிகளின் பலன் சிறியது. வேலை நேரம், பணிச்சுமை, குழுவாக வேலை செய்யும் முறை போன்றவற்றை மாற்றிய முயற்சிகளின் பலன் அதைவிடப் பெரியது. பிரிட்டனில் 46,000-க்கும் மேற்பட்ட பலதுறை ஊழியர்களின் தரவை வைத்து வில்லியம் ஃப்ளெமிங் 2024-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் காட்டம்: நிறுவனங்கள் தரும் மன உறுதிப் பயிற்சி, மைண்ட்ஃபுல்னெஸ் செயலி போன்றவற்றில் கலந்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. அது ஒரு சமயத்தில் எடுத்த தரவு, மருத்துவத் துறைக்கென்று செய்ததும் இல்லை. ஆனாலும் "ஆப் வாங்கிக் கொடுத்தாச்சு" என்று நிம்மதியாக இருக்கும் நிர்வாகிகள் படிக்க வேண்டியது.

செய்ய வேண்டியது சரியென்று தெரிந்தும் ஆளில்லாமல், அனுமதியில்லாமல் செய்ய முடியாமல் போகும்போது வரும் மனக்காயம் வேறு வகை. அதை மூச்சுவிட்டு ஆற்றக் கூடாது என்பேன். அந்தக் கோபம் சரியான கோபம். பயிற்சி அதைத் தணிக்க வேண்டியதில்லை. அதை வார்டில் யார் மேலாவது கொட்டாமல், கொட்ட வேண்டிய இடத்துக்கு, எழுத்தில், தேதியோடும் எண்ணிக்கையோடும் கொண்டுபோக உதவினால் போதும்.

சில எச்சரிக்கைகள். பெரிய அதிர்ச்சியைச் சந்தித்தவர்களுக்குக் கண்ணை மூடி உள்ளே கவனிப்பது பழைய காட்சிகளைக் கிளப்பலாம். அப்படி ஆனால் கண்ணைத் திறந்து, பாதம் தரையில் படுவதையும் சுற்றியுள்ள ஒலிகளையும் கவனியுங்கள். வகுப்பு எடுப்பவரிடம் சொல்லுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள். மூச்சைக் கவனித்தாலே மூச்சு முட்டும் சிலருக்கும் இதே வழி. விடுமுறை எடுத்தும் தேறவில்லை, பிடித்த எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டுக் கிடக்கின்றன, வேலையைத் தாண்டி எல்லாமே இருண்டு தெரிகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் தள்ளிப்போடவே கூடாது, அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டு மருத்துவரிடம் போங்கள். மருந்தும் ஊசியும் கைக்கெட்டும் தொழில் நம்முடையது.

வகுப்புக்குப் பெயர் கொடுப்பதற்கு முன் நிர்வாகத்திடம் நான்கைக் கேளுங்கள். வகுப்பு டியூட்டி நேரத்தில் நடக்குமா, ஆஃப் நாளிலா? நான் வகுப்பில் இருக்கும்போது என் நோயாளிகளை யார் பார்ப்பார்கள்? அங்கே பேசுவது வெளியே போகாது என்பதற்கு யார் பொறுப்பு? வகுப்பில் எங்களிடமிருந்து வரும் பணிச்சுமைப் புகார்களை யாரிடம், எப்போது எடுத்துச்செல்வீர்கள்? முதல் இரண்டுக்கு உருப்படியான பதில் வந்தால் சேர்ந்துவிடுங்கள். நான்காவதற்கும் வந்தால் உங்கள் ஜூனியர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.